ஸ்டெனோ ஐயா விட்ட வரிகள்

அந்தச் சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருடம் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இன்னமும் அக்கம்பக்கத்தார் 'ஸ்டெனோ ஐயா' என்றே கூப்பிடும் வீட்டுப் பெரியவர். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. லிஃப்ட் பழுது பார்க்கும் மூத்த மகன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மருமகள். அந்தக் குடும்பத்தில் ஐந்தாவதாக ஒருவன் உண்டு. மூன்று வருடமாக அவனை யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

மேசை நிறைய ஒரு பெரிய வரைதாள் விரிந்து கிடந்தது. அதில் அறுபத்திரண்டு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் எண். வட்டத்துக்கு வட்டம் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"என்னம்மா இது, சிலந்தி குடித்தனம் வச்ச மாதிரி இருக்கு?" என்று மூத்தவன் குனிந்து பார்த்தான்.

"கையில எண்ணெயோட தொட்டீங்கன்னா அறுபத்து மூணாவதா ஒரு ஆள் முளைச்சிடுவான். தள்ளி நில்லுங்க" என்றாள் மருமகள்.

அவளுடைய ஆராய்ச்சி நகரத்தின் போதைச் சந்தையைப் பற்றியது. மருந்தைப் பற்றியது அல்ல, மனிதர்களைப் பற்றியது. யாருக்கு யாரைத் தெரியும், யார் யாரிடம் வாங்குகிறார்கள், யார் யாரோடு படுத்து எழுந்திருக்கிறார்கள் என்பதைப் படமாக வரைவதுதான் வேலை. பேட்டி கொடுக்க வந்தவன் கையில் மூன்று சீட்டுகள் கொடுப்பார்கள். அவன் தனக்குத் தெரிந்த மூன்று பேரிடம் கொடுப்பான். அவர்கள் வருவார்கள். பெயர் கேட்பதில்லை, எண் மட்டும்தான். பேட்டி எடுத்த இரண்டு பேரும் ஒரு காலத்தில் அதே சந்தையில் கிடந்து மீண்டவர்கள். அவர்கள் கேட்டால்தான் வந்தவர்கள் வாய் திறப்பார்கள் என்று சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்து அவர்களை உட்காரவைத்திருந்தாள். ஒலிப்பதிவை எழுத்தாக்கி அவளிடம் கொடுத்தால், அதைப் படித்துப் படம் வரைவாள்.

"சிவப்பு, வாங்குறது விக்கிறது. நீலம், கூடத் தங்குறது, கூடச் சாப்பிடுறது. பச்சை, இந்தச் சந்தைக்கு வெளியில இருக்கிற மனுஷங்க. வீடு, வாசல், கூடப் பொறந்தது" என்று பேனாவால் காட்டினாள். "நடுவுல ஒரு பெரிய ஆள் உக்காந்து எல்லாரையும் ஆட்டி வைக்கிறான்னு நாம நெனச்சிக்கிறோம் மாமா. இதுல அப்படி எவனும் இல்ல. முதல் தடவை யார் குடுத்தாங்கன்னு கேட்டா அம்பத்து மூணு பேர் ஒரே பதில்தான் சொல்றாங்க. 'ஃப்ரெண்டு.'"

"அப்புறம் என்ன, வேலை முடிஞ்சுதுல்ல?" என்றார் மாமியார்.

"முடியல அத்தை. இந்த ஒன்பது பேரைப் பாருங்க." ஒன்பது வட்டங்களில் மட்டும் சின்னப் புள்ளி வைத்திருந்தாள். "ஆறு மாசமா இவங்க தொடவே இல்ல. விட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. எப்படி வந்தாங்க? வயசு ஒண்ணு இல்ல, வேலை ஒண்ணு இல்ல, ஜெயிலுக்குப் போனவன் இருக்கான், போகாதவன் இருக்கான். ஒன்பது பேருக்கும் ஏதோ ஒண்ணு பொதுவா இருந்தே ஆகணும். படத்துல வர மாட்டேங்குது. பச்சையையே காணோமே! அறுபத்திரண்டு பேர்ல ரெண்டே ரெண்டு பச்சைக் கோடு."

செவ்வாய்க்கிழமை அவள் இந்தப் படத்தைச் சிகிச்சை மையத்தாரிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறார். சிகிச்சைக்கு வருகிறவர்களின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது மட்டும்தான் அவர் வேலை. அந்த வேலை தேவையா, அதற்குப் பதில் வாசலுக்கு இன்னொரு காவலாளி போடலாமா என்று மையத்தார் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படத்தைப் பாத்தா என்ன சொல்வாங்க? 'இவங்களுக்குத்தான் வீடே இல்லையே, யாருக்குப் போன் பண்றது'ன்னு கேப்பாங்க. நானும் ஆமான்னுதான் சொல்லணும்" என்றாள் மருமகள். அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

ஸ்டெனோ ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுந்து தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காரணம் இருந்தது. அந்தப் பச்சைக் கோடுகள் எங்கே போயின என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன் மருமகளின் தட்டச்சுப் பெண் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். "வெளியாள் எதுக்கு? நம்ம வீட்டு வேலை நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்று அவரே முன்வந்தார். அவள் ஒரு ஒப்பந்தத் தாளை நீட்டினாள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கேட்டதை வைத்து எவரையும் தேடிப் போகக் கூடாது. எழுத்துப்படி சரிபார்த்ததும் ஒலிப்பதிவு அழிக்கப்படும். குறிப்பு நோட்டுகளை வேலை முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். அவர் மூன்று முறை படித்தார். இரண்டாம் பத்தியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

காதில் மாட்டிக்கொண்டு முதலில் சுருக்கெழுத்தில் எடுப்பார். பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். பக்கம் பக்கமாக ஒரு கமா தப்பாது. மருமகள் பார்த்துவிட்டு, "மாமா டைப் பண்ணதை நான் சரிபாக்கிறதா? சூரியன் சரியா உதிக்குதான்னு கடிகாரத்தைப் பாக்கிற கதையா இருக்கும்" என்றாள். அவருக்கு உள்ளூர ஓர் அடி உயரம் கூடியது.

ஆனால் முப்பத்தாறு வருடப் பழக்கம் ஒன்று அவர் விரல்களில் குடியிருந்தது. நீதிமன்றத்தில் சாட்சி அழுவான், இருமுவான், கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தன் தங்கையைப் பற்றிப் பேசுவான். நீதிபதி ஒரு விரலைத் தூக்குவார். பதிவில் வேண்டாம் என்று அர்த்தம். தட்டச்சு நிற்கும். பத்து வருடத்துக்குப் பிறகு நீதிபதி விரலைத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எது விஷயம், எது விஷயத்துக்குப் புறம்பு என்று அவருக்கே தெரியும் என எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அதே மாதிரிதான் இங்கேயும் செய்தார். யார் எங்கே விற்கிறான் என்று பேசினால் தட்டச்சு ஓடும். பேசுகிறவன் வழிமாறி அக்காவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ ஆரம்பித்தால் விரல்கள் தாமே நின்றுவிடும். கை மட்டும் நோட்டில் எல்லாவற்றையும் எழுதியிருந்தது. சுருக்கெழுத்துக் கை யோசிக்காது. காதில் விழுந்ததை எழுதும். தட்டச்சு செய்யும்போதுதான் அவர் வீடுகளைக் கழித்துக் கட்டினார்.

அது வரைக்கும் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். நாற்பத்தொன்றாம் எண் அப்படியல்ல.

நாற்பத்தொன்றாம் ஆளுக்குக் கரகரத்த குரல். எதற்கெடுத்தாலும் சிரித்தான்.

"உங்கூட யார் யார் தங்குறாங்க?" என்று பேட்டி எடுத்தவர் கேட்டார்.

"நானு, பல்லி, கிறுக்கல். மூணு பேருண்ணே."

"கிறுக்கல்னா?"

"அவனுக்கு வச்ச பேரு. சிகரெட் அட்டை, டிக்கெட்டு, எது கிடைச்சாலும் கோடு கோடா கிறுக்குவான். கேட்டா, நாம பேசுறதுதான் அதுல இருக்குங்கிறான். நம்பல நானு. போன வாரம் ஒருத்தன் என்னை நிக்கவச்சுத் திட்டினான். இவன் ஓரமா உக்காந்து கிறுக்கிட்டு, அப்புறம் அப்படியே திருப்பி வாசிக்கிறாண்ணே! ஒரு கெட்ட வார்த்தை குறையல."

நோட்டின் மேல் ஐயாவின் பேனா ஒரு கணம் தடுக்கியது. நீதிமன்றத்துக்கு வெளியே, கேட்டதைக் கேட்டபடி கோடுகளாக எழுதக்கூடிய இளவயதுக்காரன் ஒருவன்தான். அவனுக்கு அந்தக் கோடுகளைக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவர் அவரேதான்.

"அவனுக்கு வீடு கீடு உண்டா?"

"இருக்குண்ணே. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என் போனை வாங்கி ஒரு நம்பர் போடுவான். ரிங் போகும், போகும், கட்டாயிடும். யாரும் எடுக்க மாட்டாங்க. சிரிச்சிட்டே போனைக் குடுத்துருவான். 'எடுக்காத போனுக்கு எதுக்குடா போடுற, லூசு'ன்னு கேட்டேன். 'நம்பரை இன்னும் மாத்தல பாத்தியா? அப்ப கோபம்தான், வெறுப்பு இல்ல'ங்கிறான்."

ஒலிப்பதிவை நிறுத்தினார். நோட்டில் கடைசிச் சொல் வரை எழுதியிருந்தது. அன்று மாலை தட்டச்சு செய்த பக்கத்தில் 'மூணு பேருண்ணே' என்பதற்கு அடுத்து, சரக்கு எங்கே கிடைக்கிறது என்ற கேள்வி வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. இது பழக்கத்தில் விட்டதல்ல, தெரிந்தே விட்டது. அந்தக் கிறுக்கல்தான் தன் கொழுந்தன் என்று மருமகளுக்குத் தெரிய வேண்டாம் என நினைத்தார். அவள் கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. தம்பியைப் பற்றி வீட்டில் கேட்காதே என்று புருஷன் முதல் வாரமே சொல்லி வைத்திருந்தான்.

இளையவன் அப்பாவின் நீதிமன்றத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவன். அப்பாவைவிட வேகம் என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஐயாவின் பணிக்காலத்தின் கடைசி வருடத்தில் ஒரு மத்தியானம், ஆவண அறையில் அலமாரிக்குப் பின்னால் மாத்திரை மயக்கத்தில் கிடந்தான். முழு அலுவலகமும் எட்டிப் பார்த்தது. ஐயா அவனைத் தொட்டுத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "இனிமே இந்த வீட்டுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை" என்றார். பல்வலியோடு இருந்தவன், வீங்கிய கன்னத்தோடு அப்படியே இறங்கிப் போனான். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "அப்பா" என்று குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஞாயிறு பத்து மணிக்கு அந்த வீட்டில் யாரும் தொலைபேசியை எடுத்ததில்லை. எண்ணை ஏன் மாற்றவில்லை என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டபோது, ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுத்த எண் அது என்று பதில் சொல்லிக்கொண்டார். நல்ல காரணம். அவரைத் தவிர வேறு யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது சாத்திய கதவுக்குள் அவர் நெடுநேரம் நின்றார். வெளியே மருமகள், "ஒன்பது பேரு... ஒன்பது பேரு..." என்று முணுமுணுத்துக்கொண்டே வட்டங்களைச் சுற்றி வருவது கேட்டது. பொய்க் கணக்கு எழுதாத குடும்பம் என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வமே இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது. அலமாரியைத் திறந்து ஏழு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். வரைதாளின் மேலேயே வைத்தார்.

"அம்மா, உன் வேலையைக் கெடுத்தது நான்தான்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"வீட்டைப் பத்தி அவங்க பேசினதையெல்லாம் நான் டைப் பண்ணல. விஷயத்துக்குப் புறம்புன்னு விட்டுட்டேன். எல்லாம் இதுல இருக்கு."

மருமகள் நோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நாலு மாசம் மாமா!" என்றாள். "நாலு மாசமா நான் பைத்தியம் மாதிரி தேடுறேன். எது வேணும் எது வேண்டாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? உங்களை யாரு ஜட்ஜ் ஆக்கினது?"

அந்த வீட்டில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. மூத்தவன் வாயைத் திறக்கப் போனான். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்கட்டும். அவ கேக்கிறது நியாயம்" என்றார். "முதல்ல அந்த ஒன்பது பேரு நம்பரைச் சொல்லு. வாசிக்கிறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆறாம் எண்: 'எங்க அக்கா மட்டும் போனை எடுப்பா. திட்டுவா, ஆனா எடுப்பா.' பத்தொன்பதாம் எண்: 'தம்பி மாசம் ஒரு தடவை வந்து முடிவெட்டக் கூட்டிட்டுப் போவான். ஒண்ணும் பேச மாட்டான். கடைக்காரர்கிட்ட, இவர் எங்க அண்ணன்னு சொல்வான்.' முப்பத்து மூன்றாம் எண்: 'பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. ஆனா பிள்ளை மார்க் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புவா. அதுல கையெழுத்துப் போடுற இடத்தைக் காலியா விட்டிருப்பா.'

மருமகள் கோபத்தை மறந்து பச்சைப் பேனாவைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒன்பதாவது புள்ளியிலும் பச்சை விழுந்தபோது மூத்தவன் மெல்ல விசில் அடித்தான். பிறகு ஐயா மற்ற எண்களையும் வரிசையாக வாசித்தார்; ஒன்றை மட்டும் தாண்டிப் போனார்.

"அப்ப வீடு இருந்தா விட்டுருவாங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது அத்தை. பச்சை இருந்தும் இன்னும் உள்ளயே கிடக்கிறவங்க பதினாலு பேர் இருக்காங்க. ஆனா வெளிய வந்தவங்கள்ல பச்சை இல்லாதவன் ஒருத்தன்கூட இல்ல. இந்த அறுபத்திரண்டு பேரை வச்சு உலகத்துக்கே சொல்ல மாட்டேன். இவங்களுக்குச் சொல்லலாம்."

"நாற்பத்தொண்ணு பாக்கி இருக்கு" என்றார் ஐயா.

"அவன் ஒன்பதுல இல்லையே மாமா."

"இல்லை. இருந்தாலும் வாசிக்கணும்."

நீதிமன்றத்தில் வாசிப்பது போலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். கோடு கோடாய்க் கிறுக்குகிறவன் என்று வந்ததும் மாமியாரின் கையில் பாதி மடித்த போர்வை நின்றது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று வந்ததும் மூத்தவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். 'கோபம்தான், வெறுப்பு இல்ல' என்ற இடத்தில் ஐயாவின் குரல் முதல்முறையாகத் தடம் புரண்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மருமகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் மாமியார். அவ்வளவுதான் சொன்னார்.

ஐயா மருமகளிடம் கேட்டார்: "அந்த நாற்பத்தொண்ணு எங்க தங்குறான்? உன் ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அதைக் கேக்காதீங்க மாமா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நம்பி வந்து பேசினவன் அவன்."

அவர் முகம் இறுகியது. பிறகு தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட சொல் என்றால் அவருக்கு அது சொல்தான். "சரி. இந்தப் படத்துல அவனுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு கோடாவது போடு."

மருமகள் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "முடியாது மாமா. ரெண்டு பக்கமும் பேசினாத்தான் அது கோடு. எடுக்காத போனைக் கோடுன்னு போட ஆராய்ச்சியில இடமில்லை. யாரையும் தேடிப் போகத்தான் கூடாது. உங்க வீட்டுப் போனை நீங்க எடுக்கிறதுக்கு யார்கிட்டயும் அனுமதி வேண்டாம்."

மறுநாள் காலை ஒன்பதரைக்கே நான்கு பேரும் கூடத்தில் இருந்தார்கள். மாமியார் தொலைபேசியை மூன்றாவது தடவையாகத் துடைத்தார். மூத்தவனுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. "லிஃப்ட்டு எங்கயும் போகாது, அதுதானே பிரச்சினையே. அப்புறம் வரேன்" என்று வைத்துவிட்டான்.

பத்து அடித்து ஒரு நிமிடத்தில் மணி ஒலித்தது. ஐயா எடுத்தார்.

"ஹலோ."

மறுமுனையில் ஒரு மூச்சு. அப்புறம் தொடர்பு அறுந்தது.

ஐயா ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவரை அவ்வளவு வயதானவராக யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"பயந்துட்டிருப்பான்பா" என்றான் மூத்தவன். "மூணு வருஷமா எடுக்காத போனை எடுத்தா நானே போனைப் போட்டுட்டு ஓடிடுவேன். கீழ வைங்க, வைங்க. வச்சாத்தானே திரும்பப் போடுவான்!"

வைத்தார். காத்திருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. பத்து முப்பத்தேழுக்கு மறுபடி ஒலித்தது.

"ஹலோ... ராங் நம்பருங்களா?"

"இல்லை. சரியான நம்பர்தான்" என்றார் ஐயா.

"அப்பா... யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா? அம்மாவுக்கு..."

வீட்டுக்கு ஏதோ கேடு வந்தால்தான் தன் அழைப்பை எடுப்பார்கள் என்று பிள்ளை நினைக்கும்படி ஆகிவிட்டது. ஐயா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம்பா. உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் எடுத்தேன்."

"நான் இன்னும் விடலப்பா."

"சரி."

"விடப் பாத்தேன். ரெண்டு தடவை. முடியல."

"விட்டுட்டு வான்னு நான் சொல்லல. வா. வீட்ல இருந்து விடப் பாக்கலாம்."

"...நான் எங்க இருக்கேன்னு கேக்கலியேப்பா?"

"கேக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்ன கையெழுத்து?"

"அது ஆபீஸ் விஷயம். நீயா சொன்னா உடனே வரேன்."

அதற்குள் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று வருடமாகக் கேட்க நினைத்து வைத்திருந்ததைக் கேட்டார். "டேய், அந்தப் பல்லு என்னடா ஆச்சு?"

"அது விழுந்தே போச்சும்மா" என்று மறுமுனையில் அவன் சிரித்தான். சிரித்தது எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இருக்கும் இடத்தை அவனே சொன்னான். அப்பாவும் அண்ணனும் போய் அழைத்து வந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். மூன்றாம் நாள் உடம்பு நடுங்கத் தொடங்கியது. வாந்தி, வியர்வை, வலி. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஐயாவே பக்கத்தில் உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் தொட்டுத் தூக்காத உடம்பை இப்போது துடைத்துவிட்டார். அவன் கத்தினான். ஒரு நாள் வெளியே போகிறேன் என்று கதவோடு மல்லுக்கட்டினான். அண்ணன் குறுக்கே படுத்துக்கொண்டு, "என்னைத் தாண்டிப் போடா. மூணு வருஷமா உன் பங்குத் திட்டையும் நான்தான் வாங்கினேன். கொஞ்சம் இருந்து வாங்கிட்டுப் போ" என்றான். அந்த நடுக்கத்திலும் இளையவன் சிரித்துவிட்டான். எட்டாம் நாள் அவனே சொன்னான்: "வீட்ல முடியலப்பா. ஆஸ்பத்திரியில சேத்துடுங்க." நண்பகலில் சிகிச்சை மையத்து வண்டி வந்தது. நடக்க முடியாதவனை இரண்டு ஆண் நர்ஸ்கள் கையைத் தாங்கிக் கூட்டிப் போனார்கள். குடியிருப்பின் எல்லா மாடிகளிலும் தலைகள் முளைத்தன.

இதற்கு நடுவில் அந்தச் செவ்வாய்க்கிழமை மருமகள் திருத்திய படத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். வீடுகளுக்குப் பேசும் நர்ஸின் வேலை தப்பியது. ஒருவர் போதாது, இன்னொருவரும் வேண்டும் என்று மையத்தார் முடிவு செய்தார்கள். அறிக்கையில் 'முதல் எழுத்துப்படியில் விடுபாடு ஏற்பட்டது' என்று அவள் பூசி மெழுகி எழுதியிருந்ததை ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "யார் விட்டதுன்னு போடு. தட்டச்சரின் பிழைன்னு போடு" என்று நின்று திருத்தவைத்தார். பிறகு ஏழு நோட்டுகளையும் அவள் கண்முன்னேயே கிழித்தார்.

அடுத்த மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசி முடித்ததும், செயலாளர் அவர் பக்கம் திரும்பி நெளிந்தார்.

"ஸ்டெனோ ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பேச்சு அடிபடுது. உங்க மருமக ஆராய்ச்சிக்குன்னு யாரோ ஒரு போதைக்காரனை வீட்ல கொண்டு வந்து வச்சிருந்தாங்களாம். போலீஸ் வந்து கையைப் பிடிச்சு வண்டியில ஏத்திட்டுப் போச்சாம். மானம் மரியாதையா இருக்கிற குடும்பம் உங்களுது. அதான் கேக்கிறேன். அப்படி எதுவும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கூட்டத்தில் பாதிப் பேர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஐயா எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"மானம்னு சொன்னீங்க. அதுக்கு முதல்ல பதில் சொல்றேன். குடும்ப மானத்தைக் காப்பாத்துறதா நெனச்சு மூணு வருஷம் என் மகனோட போனை எடுக்காம இருந்தேன். மானத்தைக் காப்பாத்தல. அவனுக்குப் போதை விக்கிறவங்களோட வியாபாரத்தைத்தான் காப்பாத்திக் குடுத்தேன். வீடு எடுக்காத போனை அவங்க எடுத்தாங்க. உங்க வீட்ல எவனாவது இப்படித் தடம் மாறிப் போயிருந்தா, திட்டுங்க, கோபப்படுங்க. ஆனா போனை எடுங்க."

பின்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இப்ப அந்தப் பேச்சு. அதுல மூணு தப்பு இருக்கு" என்றார் ஐயா. "வந்தது போலீஸ் வண்டி இல்லை, ஆஸ்பத்திரி வண்டி. கையைப் பிடிச்சது போலீஸ்காரர் இல்லை, நர்ஸ். போனவன் யாரோ ஒருத்தன் இல்லை, என் சின்ன மகன்."